சித்தியவானில் குளிர்காயும் முறை: மாணவர் வாடகை வீட்டுக் காத்தாடி பற்றிய ஒரு பூர்வாங்க ஆய்வு

மாணவர் குடியிருப்புகளில் வெப்பமூட்டல், காற்றோட்டம், மின்சிக்கனம் ஆகியவற்றைக் குளிர்நாட்டு அறிஞர்கள் அலசிக் காயப்போட்டுவிட்டார்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ நான்கு பாகையில் இருக்கும் மலேசியாவின் சித்தியவானுக்கு மட்டும் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. பக்கத்து லுமுட்டில் யூனிகேஎல் எனப்படும் கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் கடல்சார் பொறியியல் கழகம் இருக்கிறது. அங்கே படிக்க வந்து, தாமான் வீட்டில் அறைக்கு நால்வராகப் பாய் விரிப்போரின் சார்பில் இவ்வாய்வு முன்வைக்கப்படுகிறது.

கருதுகோள் இதுதான்: அறையின் மின்செலவைத் தீர்மானிப்பது வெப்பநிலை அல்ல, படுத்திருப்பவனுக்கும் சுவரிலுள்ள காத்தாடித் திருகுக்கும் இடையிலான தூரம்.

முதலில் காற்றோட்டம். தோட்டத்து லயத்து வீட்டில் கூரை தகரம், சுவர் பலகை, சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி. காற்று யாரிடமும் கேளாமல் வந்து போனது. பக்கத்து வீட்டுச் சண்டையும் அதே வழியாக வந்தது. இன்றைய வரிசை வீட்டின் நடு அறைக்கோ ஒரு பக்கம்தான் ஜன்னல். அதையும் கொசுவுக்குப் பயந்து சாத்திவிடுகிறார்கள். எஞ்சுவது மோட்டு வளையில் தொங்கும் அறுபது அங்குலக் காத்தாடி.

காத்தாடி அறையைக் குளிர்விப்பதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. அது வியர்வையை ஆற்றுகிறது, அவ்வளவே. ஆள் இல்லாத அறையில் வியர்வையும் இல்லை; சுழலும் மோட்டாரின் சூடு மட்டும் அறையில் சேர்கிறது. ஆகவே, "வரும்போது ரூம்பு குளுகுளுன்னு இருக்கட்டும்" என்று காத்தாடியைப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போகும் மாணவன் உண்மையில் அறையை இம்மியளவு சூடேற்றிவிட்டுப் போகிறான். சித்தியவானின் முதலாவது வெப்பமூட்டல் முறை இதுவே.

செலவுக் கணக்கு அற்பம். காத்தாடி 70 வாட் என்று கொண்டால் பத்து மணி நேரத்துக்கு 0.7 யூனிட். 2025 நடுப்பகுதிவரை முதல் 200 யூனிட்டுக்கு இருந்த 21.8 சென் கட்டணப்படி ஓர் இரவுக்குச் சுமார் 15 சென். பத்து இரவு ஓடினாலும் ஒரு தே தாரேக் காசு தேறாது. ஏர்கோன் இதைப்போல் பத்து மடங்கு தின்னும் என்பதால் வீட்டுக்காரர்கள் பலர் அதற்கு மட்டும் கார்டு மீட்டர் பொருத்திவிடுகிறார்கள். கார்டில் காசு தீர்வது எப்போதும் விடியற்காலை என்பது பாதிக்கப்பட்டோர் தரும் ஏகோபித்த சாட்சியம்.

சூழலும் சிக்கனத்துக்கு உகந்ததாக இல்லை. சித்தியவான் அடங்கிய மஞ்சோங் மாவட்டக் கரையோரம் கடலைத் தூர்த்து எழுப்பிய தீவில் சுல்தான் அஸ்லான் ஷா நிலக்கரி மின்நிலையம் நிற்கிறது. 2015இல் இயங்கத் தொடங்கிய அதன் நான்காம் அலகு மட்டுமே 1,000 மெகாவாட்டுக்கு மேல் தரும். சுமார் 1 கோடியே 40 லட்சம் காத்தாடிகளைச் சுற்றவிடலாம். இதை அறிந்த பொறியியல் மாணவனிடம் போய், காத்தாடி வேகத்தை ஐந்தாம் எண்ணிலிருந்து மூன்றுக்குக் குறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செலவை விட்டு அறைவாசிகளின் சௌகரியத்துக்கு வந்தால், டென்மார்க்கின் ஆய்வாளர் ஃபாங்கர் 1970இல் வெளியிட்ட நூலில், ஒரே அறையில் பலர் இருந்தால் எத்தனை சிறப்பான தட்பவெப்பத்திலும் நூற்றுக்கு ஐவர் முகம் சுளிப்பார்கள் என்று சூத்திரம் கண்டார். நால்வர் அறைக்கு இது ஐந்தில் ஒரு பங்கு மாணவன். அந்தப் பங்கு எவனுடையது என்பதை ஃபாங்கர் விட்டுவிட்டார். கள ஆய்வில் அவன் காத்தாடிக்கு நேர் கீழே படுத்திருப்பவன் எனத் தெரிகிறது.

இனி இரண்டாவது வெப்பமூட்டல் முறை. நள்ளிரவில் மழை கொட்டுகிறது. அறை சில்லிடுகிறது. நால்வருக்கும் முழிப்பு தட்டுகிறது. நால்வருமே தூங்குவதாகக் காட்டிக்கொள்கிறார்கள், ஏனெனில் முதலில் அசைபவனே எழுந்துபோய்த் திருகைத் திருக வேண்டும். காத்தாடி ஐந்திலேயே சுழல, நான்கு போர்வைகள் கழுத்துவரை ஏறுகின்றன. மின்சாரம் செலவழித்துக் குளிரை உண்டாக்கி, அதைப் போர்வையால் எதிர்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு எந்தக் கட்டட விதிநூலிலும் இடம் ஒதுக்கப்படவில்லை.

ரிமோட் வைத்த காத்தாடிகள் வந்தபின் கருதுகோள் சற்று ஆட்டம் காண்கிறது. தூரம் ஒருவனுக்கு மட்டும் பூஜ்யமாகிவிட்டது. ரிமோட் அவன் தலையணைக்கு அடியில் இருக்கிறது. பேட்டரி தீர்ந்ததும் நால்வரும் மீண்டும் சமமாகிறார்கள். புது பேட்டரி வாங்கவேண்டியது யார் என்பது அடுத்த கட்டுரைக்குரிய பொருள்.