கேமராவுக்கு விலை வந்த கதை

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கேமரா தேடுகிறவர்கள் காலையிலேயே போய்விட வேண்டும். பழைய டிரங்க் ரோட்டில் வெயில் ஏறுவதற்குள் நல்ல சரக்கெல்லாம் கைமாறிவிடும். செடி, புறா, மீன்தொட்டி, பழைய கதவு, கட்டில், மிக்ஸி என்று எல்லாவற்றையும் தாண்டிப் போனால், தார்ப்பாயில் ரிமோட்டுகளும் சார்ஜர் வயர்களும் குவிந்திருக்கும் இடத்தில் கேமராக்கள் கண்ணில் படும். யாஷிகா எம்.எஃப்-2, கோடக் கேபி-10, ஹாட் ஷாட். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு ரஷ்ய ஜெனித். அதைவிட அதிர்ஷ்டம் இருந்தால், தோல் துருத்தி கிழியாத ஒரு மடக்குக் கேமரா.

பதினைந்து, இருபது வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் கேமராவுக்காக யாரும் குனியமாட்டார்கள். டிஜிட்டல் கேமரா வந்தது, அதன் பின்னாலேயே செல்போன் வந்தது. வீடு மாற்றுகிறவர்களும் வீட்டை இடித்துக் கட்டுகிறவர்களும் பீரோவில் இருந்த ஃபிலிம் கேமராவைக் காயலான் கடையில் போட்டார்கள். அங்கே அதற்குத் தனி விலை கிடையாது. அலுமினியம் ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம் என்று உடைத்துப் பிரித்து எடைக்குப் போட்டார்கள். தப்பித்தவை சந்தைக்கு வந்தன. நான் ஒரு லென்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தால், வியாபாரி பக்கத்தில் கிடக்கும் கேமராவையும் சேர்த்து என் பையில் போடுவார். “எடுத்துட்டுப் போ சார், எனக்கு எடம் ஆவும்” என்பார்.

இன்று அதே வியாபாரியின் மகன் உட்கார்ந்திருக்கிறார். கேமராவைக் கையில் எடுத்தாலே, “வின்டேஜ் சார், பாத்து எடுங்க” என்கிறார். விலை அதிகம் என்றால் செல்போனைத் திறந்து, அதே மாடல் இணையத்தில் என்ன விலைக்குப் போகிறது என்று காட்டுகிறார். என்னோடு பல காலமாகச் சந்தைக்கு வரும் நண்பர்களுக்கு இதில் பெரிய வருத்தம். இன்ஸ்டாகிராம் பிள்ளைகள் வந்து விலையைக் கெடுத்துவிட்டார்கள் என்கிறார்கள். எனக்கு அந்த வருத்தம் துளியும் இல்லை. விலை இல்லாத காலத்தில் இந்தக் கேமராக்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்கும் முன்னால் வேறொரு காலம் இருந்தது. எழுபதுகளின் கடைசியில் எங்கள் தெருவில் கேமரா இருந்த வீடு ஒன்றே ஒன்று. அது அக்ஃபா கிளிக் 3. அக்ஃபா ஜெர்மன் பெயர். ஆனால் நம் ஊரில் புழங்கிய கிளிக்கைச் செய்தது பரோடாவில் இருந்த நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ். ஃபோகஸ் பார்க்க வேண்டியதில்லை, ஷட்டருக்கு ஒரே வேகம். வெயிலா மேகமா என்று மட்டும் நாம் சொல்ல வேண்டும். அதற்கு லென்ஸ் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல். 120 ரோலில் பன்னிரண்டு சதுரப் படங்கள். முதுகில் இருக்கும் சிவப்புக் கண்ணாடி வழியாக எண்ணைப் பார்த்துப் பார்த்துத் திருக வேண்டும். அந்தப் பன்னிரண்டில் இரண்டு காதுகுத்துக்கு, நான்கு பொங்கலுக்கு, மிச்சம் ஊரிலிருந்து தாத்தா வரும்போது என்று வீட்டில் முன்கூட்டியே பேசி வைப்பார்கள். ரோல் முடிய ஒரு வருஷம் ஆன வீடுகள் உண்டு. கழுவி வந்த படங்கள் நெகட்டிவ் அளவிலேயே, உள்ளங்கைக்குள் அடங்குவதாக இருக்கும். பெரிசாகப் போடக் காசு வேண்டும்.

வசதியுள்ளவர்களுக்குப் பர்மா பஜார் இருந்தது. கப்பலில் வந்த ஜப்பான் கேமராக்களைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். மற்றவர்களுக்கு மூர் மார்க்கெட். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் அந்தச் சிவப்புக் கட்டடத்தில் பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கடிகாரம், கேமரா, லென்ஸ், டிரைபாட் எல்லாம் கிடைத்தன. அப்பா புத்தகம் பார்க்கும் நேரத்தில் நான் கேமராக் கடை முன்னால் நிற்பேன். கடைக்காரர் தொடவிடமாட்டார். 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. எத்தனை கேமரா அதில் போயிற்றோ. கடைக்காரர்கள் பிறகு அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். மார்க்கெட் இருந்த இடம் ரயில்வேக்குப் போயிற்று. புறநகர் ரயில் ஏறப் போகிறவர்கள் அந்தப் பெயரை இன்னும் சொல்கிறார்கள்.

ஆக, தொடவிடாத பொருள் ஒரு தலைமுறைக்குள் இடத்தை அடைக்கும் பொருளாகி, அடுத்த தலைமுறையில் மறுபடியும் தொடவிடாத பொருளாகியிருக்கிறது. நடுவில் இருந்த அந்த இருபது வருஷத்தில் போனவை திரும்பி வராது. எல்லாவற்றையும்விட ஸ்டூடியோக்களின் மரக் கேமராக்களை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறுவதில்லை. ஆலப்புழையில் வாகீஸ்வரி என்ற பெயரில் தேக்கும் பித்தளையும் கொண்டு செய்த கேமராக்கள் இந்தியா முழுக்க ஸ்டூடியோக்களில் நின்றன. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் மணமக்களைப் பார்த்துப் படம் பிடித்த கேமராக்கள். கடையை மூடியபோது பித்தளையைக் கழற்றி விற்றுவிட்டு மரத்தை அடுப்புக்குப் போட்டதாக ஒரு சிற்றூர் ஸ்டூடியோக்காரர் என்னிடம் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. அன்று அதைக் கேட்டு யாரும் அவர் வாசலுக்கு வரவில்லை.

சந்தையில் கேமரா பார்க்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதலில் முதுகைத் திறந்து, ஷட்டரை ‘பி’யில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, லென்ஸ் வழியாக வானத்தைப் பார்க்க வேண்டும். சிலந்தி வலைபோல் ஏதாவது படர்ந்திருந்தால் அது பூஞ்சை. சென்னைக் காற்றின் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்காத லென்ஸ் அபூர்வம். பத்திரமாக இருக்கட்டும் என்று தோல் உறையில் போட்டுப் பீரோவில் வைத்த கேமராக்களில்தான் அது அதிகம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விவரம் தெரிந்த ஸ்டூடியோக்காரர்கள் கேமராப் பெட்டிக்குள் ஜீரோ வாட்ஸ் பல்பு ஒன்றை எரியவிட்டிருப்பார்கள். அடுத்து, மெதுவான வேகங்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு செகண்டில் வைத்து அழுத்தினால் உள்ளே பல்சக்கரம் ஓடும் சத்தம் சீராகக் கேட்க வேண்டும். பாதியில் நின்றால் எண்ணெய் காய்ந்து இறுகியிருக்கிறது. கதவோரத்துக் கறுப்பு நுரைப்பட்டை தொட்டால் தார்போல் ஒட்டும். அதற்குப் பயப்பட வேண்டாம், மாற்றிவிடலாம். பாதரச பேட்டரி கேட்கும் மாடல்களுக்குத்தான் வழி தேட வேண்டியிருக்கும், அந்த பேட்டரிகள் இப்போது வருவதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஒலிம்பஸ் டிரிப் 35 ஒன்று கிடைத்தது. 1967 முதல் 1984 வரை ஒலிம்பஸ் தயாரித்த சின்னக் கேமரா. பேட்டரியே கிடையாது. லென்ஸைச் சுற்றித் தேன்கூடு மாதிரிப் புடைத்திருக்கும் வளையத்துக்குள் செலினியம் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அதுவே மின்சாரம் உண்டாக்கி உள்ளேயிருக்கும் முள்ளை அசைக்கும். வியாபாரி தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்தபடி, “பட்டன் வேலை செய்யல சார். ஷோக்கு வச்சுக்கலாம்” என்றார். வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். பட்டனை அழுத்தியதும் காட்சிச் சட்டத்தின் அடியிலிருந்து ஒரு சின்னச் சிவப்புக் கொடி எழுந்து நின்றது. ஷட்டர் திறக்கவில்லை. வெளிச்சம் போதாது, எடுக்காதே என்று கேமரா சொல்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். இருட்டில் படம் எடுக்க மறுத்து, வெயிலில் ஓடுகிற டிரிப் உயிரோடு இருக்கிறது. நல்ல வெயிலில் அழுத்தினாலும் கொடியைத் தூக்கி மறுக்கிற டிரிப்பின் செலினியம்தான் செத்துப்போயிருக்கும்.

அவரையும் எழுப்பி வெயிலுக்குக் கூட்டிவந்தேன். அழுத்தச் சொன்னேன். கொடி வரவில்லை, ஷட்டர் மெல்லிசாகச் சத்தம் போட்டுத் திறந்து மூடியது. லென்ஸைக் கையால் மூடி மறுபடியும் அழுத்தச் சொன்னேன். கொடி வந்தது. அவர் நாலைந்து தடவை மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு விலையை இரண்டு மடங்காக்கினார். கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த தடவை போனபோது அவர் கடையில் கேமராக்கள் ரிமோட் குவியலில் இல்லை. தனியாக ஒரு அட்டைப்பெட்டியில், பழைய லுங்கியை விரித்து அடுக்கியிருந்தார். விலை ஏறியதைப் பற்றி நண்பர்கள் புலம்பும்போதெல்லாம் அந்த லுங்கி விரித்த பெட்டியைத்தான் நான் அவர்களுக்குச் சொல்கிறேன்.

கேமராவுக்கு இப்படி மறுவாழ்வு வந்துவிட்டது. 2024இல் பென்டாக்ஸ் கம்பெனி புதிதாகவே ஒரு ஃபிலிம் கேமரா கொண்டுவந்தது. ஆனால் ஃபிலிம்? ஒரு கலர் ரோல் இன்று ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. கழுவவும் ஸ்கேன் செய்யவும் தனிக் காசு. ஊட்டியில் 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் போட்டது. தூசி குறைந்த குளிர்ந்த மலைக்காற்று என்று தேடிப்பிடித்துக் கட்டிய அரசுத் தொழிற்சாலை. எத்தனையோ பேருடைய கல்யாணமும் கார்டு சைஸ் படமும் அந்த ஃபிலிமில்தான் இருக்கின்றன. கலர் வந்ததும் தடுமாறி, டிஜிட்டல் வந்ததும் ஓய்ந்து, மூடிவிட்டார்கள். இன்று ஊட்டியில் இந்து நகர் என்ற இடப்பெயர் இருக்கிறது. பல்லாவரத்தில் டிரிப் வாங்கும் பிள்ளைகள் அமெரிக்காவின் ரோச்செஸ்டரிலிருந்து வரும் கோடக் ரோலுக்கும், இங்கிலாந்திலிருந்து வரும் இல்ஃபோர்டு ரோலுக்கும் காத்திருக்கிறார்கள். அதனாலேயே பலர் கேமராவை வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். சிலர் விளக்குத் தண்டாக மாற்றிவிடுகிறார்கள். ஓடுகிற ஷட்டரைக் கழற்றிவிட்டு அங்கே பல்பு மாட்டுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. வருஷத்துக்கு ஒரு ரோலாவது போடுங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். எங்கள் தெருவில் அதைத்தானே செய்தார்கள்.

ஆனால் என் உண்மையான கவலை கேமராவைப் பற்றியது அல்ல. அது பிழைத்துக்கொண்டது. அது எடுத்த படங்கள் பிழைக்கவில்லை.

ஸ்டூடியோக்கள் மூடும்போது நெகட்டிவ்கள் மூட்டைமூட்டையாக வெளியே வந்தன. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் வெள்ளி இருக்கிறது. அதைப் பிரித்தெடுப்பவர்கள் எடைக்கு வாங்கிப் போனார்கள். பழைய கண்ணாடி நெகட்டிவ்களைச் சுரண்டிக் கழுவி, படத்துக்குச் சட்டம் போடும் கண்ணாடியாக விற்றார்கள். ஒருவரின் முகத்தை அழித்துத்தான் இன்னொருவரின் முகத்துக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்வடிவில் சேர்த்தது. அருமையான வேலை. ஆனால் ஒரு நிறுவனம் எத்தனை ஊருக்குப் போக முடியும்? சந்தைக்கு வரும் மூட்டைகளைச் சந்தைக்குப் போகிறவர்கள்தான் பார்க்க வேண்டும்.

அப்படி ஒரு உரப்பையை நான் கேமராவோடு சேர்த்து வாங்கினேன். உள்ளே பழுப்புக் கவர்களில் நெகட்டிவ்கள். கவர் மேல் பில் நம்பர், ‘3 காப்பி’, ‘அவசரம்’, ‘முகம் டச்சிங்’. டச்சிங் என்று எழுதிய கவரிலிருந்து ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு நேரே சாய்த்துப் பிடித்தேன். கருத்த முகமும் வெளுத்த கூந்தலுமாக ஒரு இளம்பெண். இன்னும் கொஞ்சம் சாய்த்தபோது கன்னத்தில் பென்சில் பளபளத்தது. கூராகச் சீவிய பென்சிலால், மயிரிழை அளவு புள்ளிகளும் கோடுகளுமாக, அந்தப் பெண்ணின் அம்மைத் தழும்புகளை யாரோ ஒவ்வொன்றாக நிரப்பியிருக்கிறார். நெகட்டிவில் கறுப்பு ஏற ஏறப் பிரிண்ட்டில் அந்த இடம் வெளுக்கும். பெண் பார்க்க அனுப்புவதற்காக எடுத்த படமாக இருக்கலாம். பிரிண்ட் போன வீட்டில் மாசில்லாத முகம்தான் தெரிந்திருக்கும். தழும்பையும், அதை மறைத்த கையின் பொறுமையையும் சேர்த்து வைத்திருப்பது இந்த நெகட்டிவ் மட்டும்தான். எந்த லைக்கா கேமராவையும்விட இது எனக்குப் பெரிது.

இந்த நெகட்டிவ்களை வெளிச்சப் பலகையில் வைத்துச் செல்போனாலேயே படம் எடுத்து, நிறத்தைத் தலைகீழாக்கி, கவரில் இருப்பதை அப்படியே எழுதிச் சேர்த்துக்கொண்டு வருகிறேன். ஊர்ப்பெயர் தெரிந்தால் அதையும். கேமராவுக்குள் கழுவாமலே கிடக்கும் ரோல்களையும் விடுவதில்லை. கறுப்பு வெள்ளை என்றால் பல வருஷம் கழித்தும் மங்கலாக ஏதாவது தேறும். பழைய கலர் ரோலைக்கூடக் கறுப்பு வெள்ளை மருந்தில் கழுவினால் உருவம் தெரிய வாய்ப்புண்டு. பழைய கேமரா வாங்குகிறவர்கள் முதுகைத் திறப்பதற்கு முன்னால், ரோலைத் திருகும் குமிழைச் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுக்கம் தெரிந்தால் உள்ளே யாரோ இருக்கிறார்கள்.

லுங்கிப் பெட்டி வியாபாரியிடம் நெகட்டிவும் வேண்டும் என்று சொல்லி வைத்தேன். முதலில் நம்பவில்லை. “இத வச்சி என்ன சார் பண்ணப் போற?” என்றார். இப்போது வீடு காலி செய்யும் இடங்களில் அவரே கேட்டு வாங்கி வருகிறார். சும்மா கொடுத்துக்கொண்டிருந்தவர் பைக்கு ஒரு விலை சொல்ல ஆரம்பித்திருக்கிறார். போன மாதம் டிரிப்புக்கு ரோல் மாட்டத் தெரியாமல் நின்றிருந்த கல்லூரி மாணவி ஒருத்திக்கு மாட்டிக் காட்டினேன். பேச்சுவாக்கில் அவளும் பையைத் திறந்து நெகட்டிவ்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். வியாபாரி அதைக் கவனித்துவிட்டார். அடுத்த பைக்கு இரண்டு பேர் கேட்போம், விலையைக் கூட்டுவார். கூட்டட்டும்.