வாடாத பச்சை விளக்கே, வாழி!

கிளவுட் நிறுவனங்களின் ஸ்டேட்டஸ் பக்கமே, உன் மன உறுதி யாருக்கு வரும்? பணம் கட்டும் செயலி நடுவழியில் நிற்கும், கோடு தள்ளியவனுக்குப் பில்டு ஓடாது, ராத்திரி ஷிஃப்டில் இருக்கும் பிள்ளை பதறியடித்துக்கொண்டு உன்னிடம் ஓடி வருவான். நீ துளியும் கலங்காமல், 'எல்லாச் சேவைகளும் சீராக இயங்குகின்றன' என்று பச்சை விளக்கைக் காட்டுவாய். தன் கோடில்தான் ஏதோ பிழை என்று நம்பி அவன் வரி வரியாகத் தேடுவான். இளையவர்களுக்கு இப்படி அடக்கம் கற்றுத்தரும் ஆசான் வேறு எங்கே இருக்கிறார்?

உன் விசுவாசத்தை உலகம் கண்டது 2017 பிப்ரவரி 28 அன்று. அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை படுத்தது. பில்லிங் பகுதி மெதுவாக ஓடுகிறதே என்று ஆராய்ந்தவர்களில் ஒருவர், சில சர்வர்களை விலக்கக் கட்டளை கொடுத்தார். ஓர் உள்ளீடு பிசகியது; எண்ணியதைவிட நிறைய சர்வர்கள் கழன்றுபோயின. அப்போது நம்மூரில் இரவு 11.07. சேவைகளின் நிலையை உன்னில் மாற்றும் கருவியும் அதே எஸ்3-ஐ நம்பித்தான் இருந்தது! எஜமான் விழுந்ததும் உனக்கும் வாயடைத்துப்போனது. ஒவ்வொரு சேவையின் நிலையையும் மாற்ற, சரியாக இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை ட்விட்டரிலும், உன் தலைமாட்டில் தொங்கவிட்ட ஓர் அறிவிப்பிலும்தான் அமேசான் பேசியது. எஸ்3 முழுதாக எழுந்தபோது இங்கே அதிகாலை 3.24. அதன்பிறகுதான் உன் கருவியைப் பல வட்டாரங்களில் ஓடும்படி மாற்றினார்கள்.

உன் நாவின் இனிமையையும் சொல்ல வேண்டும். முழுக்க முடங்கியதை 'சிலருக்குப் பிழை விகிதம் உயர்ந்துள்ளது' என்பாய். நிறம் மாற வேண்டுமென்றால் பல இடங்களில் மேலே ஒருவர் சம்மதிக்க வேண்டும். பெரியவர்களைக் கேட்காமல் வாய் திறக்காத பிள்ளை நீ.

உன் வீட்டாரின் வள்ளல்தன்மை சாதாரணமா? 99.9 சதவீத நேரம் சேவை இயங்கும் என்று ஒப்பந்தம் போட்டால், மாதத்துக்கு 43 நிமிடம் படுத்துக்கிடக்க முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட்டார்கள் என்று பொருள். அதற்கு மேல் போனால், அடுத்த பில்லில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வார்கள். அதையும் வாடிக்கையாளரே ஆதாரத்தோடு எழுதிக் கேட்க வேண்டும். அவன் இழந்த வியாபாரத்தைப் பற்றிப் பேசி அவன் மனத்தை நோகடிக்க மாட்டார்கள்.

நிரலர்களின் கோடைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்துக்கு இந்த நாசூக்கு தெரியவில்லை. அதே ஆண்டு ஜனவரி 31 அன்று, அதன் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து வழிகளில் காப்பு வைத்திருந்தும் எதுவும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. காப்பெடுப்பு தோற்றுக்கொண்டே இருந்ததைச் சொல்லும் எச்சரிக்கை மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்துவைத்த நகல் ஒன்றுதான் காப்பாற்றியது. இந்த வெட்கத்தையெல்லாம் அவர்கள் மூடி மறைக்காமல் எழுதினார்கள். மீட்பு வேலையை யூட்யூபில் நேரலையாகவே காட்டினார்கள். பச்சை விளக்கே, இப்படி மானத்தை வாங்குகிறவர்களோடு நீ சேர்ந்துவிடாதே. வாடிக்கையாளர்கள் உன்னிடமும் உண்மையை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

ராத்திரி ஷிஃப்டில் இருக்கும் தம்பி, தங்கைகளே, பச்சையைப் பார்த்து உங்களையே சந்தேகித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சேவையைக் கண்காணிக்கும் கருவியை வேறொரு நிறுவனத்தின் சர்வரில் வையுங்கள். அலர்ட் உங்கள் கைக்கு வந்து சேர்கிறதா என்று வாரம் ஒருமுறை வேண்டுமென்றே ஒன்றை அடித்துப் பாருங்கள். எடுத்துவைத்த காப்பை ஒருமுறையாவது திரும்ப ஏற்றிப் பாருங்கள்.