முப்பத்திரண்டாம் மெய்ப்பாடு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்சுவைக்கு அப்பாலும் 32 மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்துகிறார். அவற்றில் கடைசியாக வருவது நடுக்கு. ஆராய்ச்சியும் ஐயமும் அதே பட்டியலில் இருப்பதால், பிரேக்கை மிதித்தால் நடுங்கும் பிக்கப் வண்டியை ஆராயப் புகுவோருக்கு இலக்கண அனுமதி முன்பே கிடைத்துவிட்டது எனலாம். ஆய்வுக் களம் கோல சிலாங்கூரும், அங்கிருந்து உலு சிலாங்கூர் வரை பரந்து கிடக்கும் தோட்டங்களும். உர மூட்டையும் களைக்கொல்லி டிரம்மும் செம்பனைக் குலையும் சுமந்து செம்மண் பாதையில் போகும் வண்டியில் நாள் முழுதும் எல்லாமே ஆடுகிறது; அதனால் எந்த ஆட்டத்தையும் யாரும் பொருட்படுத்துவதில்லை. 2011-இல் திறந்த லாத்தார் நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, ஈஜோக் டோலை நெருங்கி மிதிக்கும்போதுதான் ஸ்டியரிங் கையை உதறுகிறது. நோய் பிறப்பது தோட்டத்தில், பேர் வாங்குவது டோலில்.

இந்நடுக்கத்துக்கு ஊரறிந்த விளக்கம் ஒன்று உண்டு: ‘டிஸ்க் பெண்டாயிடுச்சு.’ இக்கொள்கையினரை வளைவுவாதிகள் என்று அழைக்கலாம். இவர்கள் பெயரைப் பொருளாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு. பெயரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோக்கோனியே 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கியது அங்கேதான். பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை. ‘பெண்டு’ என்ற சொல்லும் அப்படித்தான். டிஸ்க் வார்ப்பிரும்பு, சுட்ட அப்பளம்போல நெளிந்துவிடும் சாதி அல்ல. நடுக்கத்தை உண்டாக்குவது பெரும்பாலும் வளைவல்ல, கனத்தில் ஏற்படும் வேறுபாடு. டிஸ்க்கின் ஓரிடத்துக்கும் மற்றோர் இடத்துக்கும் 0.02 மில்லிமீட்டர் வேறுபட்டாலே போதும். அது ஒரு தலைமயிரின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 90 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குப் பத்துத் தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் தடித்த இடம் பிரேக் பேடை முட்டித் தள்ள, பிடி இறுகித் தளர்கிறது. காலில் மிதியும் கையில் ஸ்டியரிங்கும் துடிக்கின்றன.

இதை எப்படி நிறுவுவது? நம் சமயச் சான்றோர் காட்சி, கருதல், உரை என்று மூன்று அளவைகளைத் தந்தார்கள். உரை என்பது இங்கே ஃபோர்மேன் வாக்கு. அதை ஒதுக்கிவைப்போம். காட்சி எளிது. பிரேக்கைத் தொடாமலே ஆடினால் டிஸ்க்கைத் தொடாதீர்கள். டயர் பேலன்ஸ் போயிருக்கலாம், அல்லது ரிம்மின் உட்புறத்தில் தோட்டத்துச் சேறு கட்டி காய்ந்திருக்கலாம்; அதற்கு மருந்து தண்ணீர்க்குழாய். மிதிக்கும்போது ஸ்டியரிங் ஆடினால் முன்சக்கரம், இருக்கை ஆடினால் பின்சக்கரத்து டிரம். ஐயம் தீராவிட்டால் ஆளில்லாத நேர்ச்சாலையில் மெதுவான வேகத்தில் கைபிரேக்கை, பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே, மெல்ல இழுத்துப் பார்க்கலாம். நடுங்கினால் குற்றவாளி டிரம். கருதல்தான் சுவையானது. டிஸ்க் ஹப்பின்மேல் செருகியிருக்கும் வண்டியில் சக்கரத்தைக் கழற்றி, நட்டுகளை மாட்டி டிஸ்க்கை இறுக்கி, டயல் கேஜின் முனையை விளிம்புக்குச் சற்று உள்ளே தொடவைத்துக் கையால் சுற்ற வேண்டும். முள் எங்கே உச்சம் ஏறுகிறதோ அங்கே டிஸ்க்கிலும் ஹப்பிலும் சாக்குக்கட்டியால் கோடு. பிறகு டிஸ்க்கை உருவி, ஒரு துளை தள்ளி மாட்டி மறுபடி சுற்ற வேண்டும். ஆறு துளை என்றால் 60 பாகை. உச்சம் டிஸ்க்கின் கோட்டோடு நகர்ந்தால் பழி டிஸ்க்கின்மேல். ஹப்பின் கோட்டிலேயே நின்றால் டிஸ்க் நிரபராதி. நீதிமன்றங்களில்கூட இவ்வளவு சுத்தமான சாட்சியம் அபூர்வம்.

தோட்டத்து வண்டிகளில் நான் முதலில் சந்தேகிப்பது ஹப்பைத்தான். மழை, சேறு, ஜெராம் பக்கத்துக் கடற்காற்று எல்லாம் சேர்ந்து ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே துருவைப் பொருக்காக வளர்க்கின்றன. ஹப்பைவிட டிஸ்க் ஏறக்குறைய இரு மடங்கு அகலம். ஆகவே ஹப்பின் ஓரத்தில் படிந்த துரு, டிஸ்க்கின் விளிம்பில் இரு மடங்கு ஆட்டமாகிறது. ஆட்டம் அன்றே நடுக்கமாவதில்லை என்பதுதான் சூது. பிரேக் மிதிக்காத நேரத்திலும் அந்த ஒரே இடம் சுற்றுக்கொரு தரம் பேடை உரசிச் சில ஆயிரம் கிலோமீட்டரில் தேய்கிறது. கன வேறுபாடு பிறப்பது அப்போதுதான்.

வளைவுவாதிகள் விடமாட்டார்கள். ‘டிஸ்க்கைக் கடைந்து ஸ்கிம் பண்ணினால் நின்றுவிடுகிறதே, புது டிஸ்க் போட்டால் நின்றுவிடுகிறதே’ என்பார்கள். நிற்கும், கனம் சமமாகிவிட்டதல்லவா. துரு அங்கேயே இருப்பதால் மாதங்கள் கழித்துத் திரும்பி வரும். சுரத்துக்கு மாத்திரை போட்டுக் கொசுவை வளர்ப்பது இது. ‘லோவர் ஆர்ம் புஷ் போயிருந்தால்?’ என்பது மதிக்கத்தக்க ஆட்சேபம். ஆனால் தேய்ந்த புஷ் பெரும்பாலும் ஒலிபெருக்கி மட்டுமே, பாடுபவர் வேறு. அதையும் மாற்றத்தான் வேண்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் கெடாதா என்றால், கெடலாம்; அப்போதும் கேஜ் காட்டிக்கொடுக்கும். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்போரோடு எனக்கு வழக்கில்லை. அவ்வளவு மெதுவாக உருளும் வண்டி நடுங்காது.

சிகிச்சை சுருக்கமானது. கம்பித்தூரிகையால் ஹப்பின் முகத்தைப் பளபளவென்று தேய்த்து, டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போகாதபடி ஸ்கிம் செய்து, அல்லது புதிது போட்டு, நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். ஏர் கன்னால் ஆறையும் வரிசையாக அறைந்து தள்ளினால் செய்ததெல்லாம் வீண். புதுப் பேடு பழகும்வரை முழுதாக நிறுத்தாமல் பலமுறை வேகத்தைக் குறைத்து ஏற்ற வேண்டும்; சூட்டோடு அழுத்திப் பிடித்து நின்றால் பேடின் பொருள் டிஸ்க்கில் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும். டோல் வரிசையில் மட்டும் இது சிரமம். முன்வண்டிக்குச் சற்று இடைவெளி விட்டு, அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருக்கலாம். பின்னால் ஹாரன் அடிப்பவருக்குப் பேடின் குணத்தை அங்கே இறங்கிப் போய் விளக்க முடியாது.