ராகலைக் குளிர் போதாதாம்

ராகலைக்காரர்களுக்குப் பெருமை பேச அதிகம் ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் ரயிலாவது இருந்தது. நானுஓயாவில் புறப்பட்டு நுவரெலியா, கந்தப்பளை என்று மூச்சு வாங்கி 1904இல் இங்கே வந்து சேர்ந்த அந்தச் சின்ன ரயில், 1940களில் போனது போனதுதான். மிஞ்சியிருப்பது குளிர். அதை மட்டும் நாங்கள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஏப்ரல் சீசனுக்குக் கொழும்பிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும்போது, வெறும் சட்டையோடு நின்று, "இதெல்லாம் ஒரு குளிரா? தை மாசம் வந்து பாருங்க" என்று சொல்வது எங்கள் ஊர் ஆண்களின் கடமை. சொல்லிவிட்டு உள்ளே போய்க் காதுவரை குல்லாவை இழுத்துவிட்டுக்கொள்வோம்.

அப்பேர்ப்பட்ட ஊரைப் பார்த்து, ஒரு பம்பாய் வெங்காய அளவுகூட இல்லாத கிழங்கு, "இங்கே சூடு அதிகம்" என்று சொல்லிவிட்டது.

டியூலிப்பைத்தான் சொல்கிறேன். நெதர்லாந்தில் இருக்கும் சித்தப்பா மகன் கொய்க்கன்ஹோப் பூந்தோட்டத்திலிருந்து படம் படமாக அனுப்பினான். அங்கே வருடத்துக்குச் சுமார் 70 இலட்சம் கிழங்குகள் நடுகிறார்களாம். "நம்ம ஊரும் குளிருதானே அண்ணே, நட்டுப் பாருங்க" என்றான். அடுத்த முறை வந்தபோது முறைப்படி தாவரச் சுகாதாரச் சான்றிதழோடு ஒரு பெட்டியும் கொண்டுவந்தான். அந்தச் சான்றிதழ் கிடைத்த வேகத்தில் எனக்கு ஒரு விசாவும் கிடைத்திருந்தால் நானே போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பேன்.

பெட்டிமேல் எழுதியிருந்ததைப் படித்தபோதுதான் அவமானம் புரிந்தது. டியூலிப் கிழங்குக்குள் பூ ஏற்கெனவே உருவாகி உட்கார்ந்திருக்கும். 12 முதல் 16 வாரங்கள், 9 பாகை செல்சியசுக்குக் கீழே கிடந்தால்தான் தண்டு நீண்டு அது வெளியே வரும். இல்லாவிட்டால் இலையை மட்டும் காட்டிவிட்டு மொட்டு உள்ளேயே கருகிவிடும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ ஏறக்குறைய 16 பாகை. தை, மாசி விடியலில் சில நாள் உறைபனி விழுந்து கொழுந்தைக் கருக்கும், உண்மைதான். ஆனால் வெயில் ஏறியதும் ஓடிவிடும். டியூலிப் கேட்பது வந்துபோகும் குளிரை அல்ல, குடியிருக்கும் குளிரை.

ஆகவே பிரிட்ஜ். எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் சீதனமாக வந்தது. வெளியே வைத்தாலே கெடாத மீன்குழம்பை, அதைக் கொடுத்தவர்களின் மரியாதைக்காக உள்ளே வைப்போம். இப்போது அதற்கு முதல்முறையாக வேலை வந்தது. அதிலும் ஒரு நிபந்தனை: பழுக்கிற எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பழங்கள் விடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கொன்றுவிடும். பேரிக்காய் வெளியேறியது, தக்காளி வெளியேறியது.

"வெங்காயம் மாதிரி ஒண்ணுக்காக என் தக்காளி வெளிய நிக்கணுமா?" என்றாள் மனைவி. அவள் அப்பா வாங்கிக் கொடுத்த பிரிட்ஜ். நான் என்ன பதில் சொல்ல?

அப்பாயிக்கு ஒரே கேள்விதான். "இதைக் கறி வைக்கலாமா?" அவர் கணக்கில் உலகத்துக் கிழங்குகள் இரண்டு சாதி, திங்கிறது, திங்காதது. கரட்டும் லீக்சும் கோவாவும் உருளைக்கிழங்கும் இருக்கிற மண்ணையெல்லாம் பிடித்துக்கொண்ட ஊரில் வேறு எப்படிக் கேட்பார்? சும்மா இருக்காமல் நான், 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் நெதர்லாந்துக்காரர்கள் டியூலிப் கிழங்கின் நச்சு நடுக்குருத்தை எடுத்துவிட்டு மிச்சத்தை அவித்துத் தின்ற கதையைச் சொன்னேன். "அதானே பார்த்தேன்" என்றார் அப்பாயி. அன்றைக்கே பிரிட்ஜில் 'சமைக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டவேண்டியதாயிற்று.

யோசித்துப் பார்த்தால் ஒல்லாந்தர்மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 1637 பெப்ரவரியில் டியூலிப் விலை சரிந்து அவர்கள் ஊரே பரபரத்தது. இருபது வருடம் கழியுமுன் கொழும்பைப் பிடித்து 1796 வரை இருந்தார்கள். கோட்டை கட்டினார்கள், கால்வாய் வெட்டினார்கள், இன்றும் நம் நீதிமன்றங்களை விடாத ரோமன்-டச்சுச் சட்டத்தை வைத்துவிட்டுப் போனார்கள். 1672இல் இங்கே வைத்தியராக வந்த பவுல் ஹெர்மன் வருடக்கணக்கில் மூலிகை மூலிகையாகப் பறித்து உலர்த்தி எடுத்துக்கொண்டு போய் லைடனில் பேராசிரியரானார். அதே லைடனில்தான் தாவரவியலாளர் குளூசியஸ் 1590களில் டியூலிப் நட்டிருந்தார். இவ்வளவு கொடுக்கல் வாங்கலிலும் ஒரு கிழங்கு ராகலைக்கு வந்ததாகத் தகவல் இல்லை. கண்டி அரசர்கள் அவர்களை மலையில் தங்கவிடவில்லை. அதனால் எத்தனை கிழங்கு உயிர் பிழைத்ததோ.

எங்கள் டியூலிப் பூத்தது. குட்டைத் தண்டில், சிவப்பாக, நான்கைந்து நாள். லயமே வந்து பார்த்தது. பிறகு வாடியது. வெப்ப நாட்டில் அது ஒரு தடவைப் பூ. அடுத்த வருடத்துக்கான சத்தைச் சேர்க்கும் தெம்பு கிழங்குக்கு இங்கே வராது, தோண்டி எறியவேண்டியதுதான். "உருளைக்கிழங்கு போட்டிருந்தா மூட்டை கணக்குல வந்திருக்கும்" என்றார் அப்பாயி. நான் கிழங்கை எறியாமல் கழுவிக் காயவைத்தேன்.

நம் மண்ணுக்கு ஏற்றவை வேறு. கான் ஓரத்தில் யாரும் நடாமலே வெள்ளைக் கலா லில்லி நிற்கிறது. அதுவும் அகபாந்தசும் தென்னாபிரிக்காக்காரர்கள். ஆனால் லயத்து வாசலின் ராணி டேலியாதான். மெக்சிகோவின் மலைப் பிள்ளை. 1789இல் ஸ்பெயின் போய், அங்கிருந்து உலகம் சுற்றி, வெள்ளைக்காரத் துரை பங்களாவில் இறங்கி, அங்கிருந்து லயத்துக்கு வந்தது. எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது. களவெடுத்து நட்டால்தான் செடி பிடிக்கும் என்பது எங்கள் தோட்டக்கலை சாத்திரம். டேலியா குளிர் கேட்காது, பிரிட்ஜ் கேட்காது. சரிவில் தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும். முள்ளம்பன்றிக்கும் அது பிடிக்கும் என்பது ஒன்றுதான் குறை.

மேல் லயத்து அக்கா வீட்டில் சாப்பாட்டுக் கோப்பை அகலத்துக்கு ஊதா டேலியா பூக்கும். கிழங்கு கேட்டேன். "உனக்கில்லாததா தம்பி?" என்று பை நிறையக் கொழுத்த கிழங்காகக் கொடுத்தார். மகிழ்ந்துபோய் அப்பாயியிடம் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"டேய், ஒண்ணுலயும் கண்ணு இல்ல."

உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண். டேலியாவுக்குப் பழைய தண்டோடு ஒட்டிய கழுத்தில் மட்டும்தான். அந்தக் கழுத்துத் துண்டை விட்டு வெட்டினால் கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் மண்ணுக்குள் கிடந்து அழுகும், முளைக்காது. இல்லை என்று வாய் திறந்து சொல்லாமல், கை நிறையக் கொடுத்தே இல்லை என்பதற்கு இதைவிட நாகரிகமான வழி கிடையாது. எனக்கு அக்காமேல் மதிப்பு கூடிவிட்டது.

வாங்கியதற்குப் பதில் மரியாதை செய்யவேண்டுமே. கழுவிக் காயவைத்திருந்த டியூலிப் கிழங்குகளைப் பளபளவென்று துடைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

"இது பூக்குமா தம்பி?" என்றார் அக்கா, கழுத்தைத் தடவிப் பார்த்தபடி.

"பூத்த கிழங்குதான் அக்கா" என்றேன்.