மீட்டர் போட்டால் சட்டம் இறங்கிவிடும்

லண்டனில் சொந்தக் காரில் பிள்ளையைச் சீட் இல்லாமல் ஏற்றினால் 500 பவுண்ட் வரை அபராதம். 12 வயது ஆக வேண்டும், அல்லது 135 சென்டிமீட்டர் வளர வேண்டும். இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை குழந்தைக்கான கார் சீட் கட்டாயம். நல்ல சட்டம். கையெடுத்துக் கும்பிடலாம்.

அதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்சியில் ஏறுங்கள். டிரைவரிடம் சீட் இல்லையா? சட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை. 3 வயது முடிந்திருந்தால் பின்னால் உட்கார்ந்து பெரியவர்களின் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளலாம். 3 வயதுக்குக் கீழே என்றால் பெல்ட்டே வேண்டாம், பின்சீட்டில் இருந்தால் போதும். நீங்கள் தவறாகப் படிக்கவில்லை. எலும்பு எவ்வளவு இளசோ, கட்டு அவ்வளவு குறைவு. பெரியவர் பெல்ட் கைக்குழந்தைக்குப் பொருந்தாது என்பது உண்மைதான். அப்படியானால் டாக்சியில் ஒரு சீட்டை வைக்கச் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டார்கள். சொன்னால் ஒருவருக்குச் செலவாகும்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி அரை மீட்டருக்குள் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 200 கிலோவைத் தாங்கும் கை வேண்டும். அப்படிப்பட்ட கை எந்தத் தாய்க்கும் இல்லை. இது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் சொந்தக் காருக்கு அபராதம் வைத்தார்கள். தெரிந்தேதான் டாக்சியை விட்டுவிட்டார்கள்.

சிங்கப்பூருக்கு வாருங்கள். ஒழுங்குக்குப் பேர்போன ஊர். 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்கு உரிய சீட் வேண்டும். டாக்சிக்கு மட்டும் விலக்கு. செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் காருக்கு அந்த விலக்கு இல்லை. சாங்கி விமான நிலையத்தில் வரிசையில் நின்று டாக்சி பிடித்தால் மடியில் பிள்ளை இருக்கலாம். போனைத் தட்டி வாடகைக் காரை வரவழைத்தால் அதே மடி குற்றம். அதே சாலை, அதே வேகம், அதே மரம். வண்டியின் உரிமத்தைக் கேட்டுவிட்டா மரம் மோதுகிறது?

ஐரோப்பாவில் வேறு வேடிக்கை. ஜெர்மனியில் 12 வயதுக்குள், 150 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் சீட். பக்கத்து நெதர்லாந்தில் 135 சென்டிமீட்டர் போதும். எல்லையை ஒட்டிய ஜெர்மானிய ஆஹன் நகரில் பூஸ்டர் சீட்டில் உட்கார்ந்திருக்கும் 11 வயதுப் பெண், 140 சென்டிமீட்டர் உயரம். காரில் சில நிமிடம் போய் எல்லையைத் தாண்டினாள் என்றால், சட்டப்படி அவள் பெரியவள். பிரான்சில் 10 வயதுதான் எல்லை.

சரி, நம் சீட்டை நாமே சுமந்து போவோம் என்கிறீர்களா? ஆஸ்திரேலியாவில் அவர்களுடைய 1754ஆம் எண் தர முத்திரை இல்லாத சீட் செல்லாது. அமெரிக்காவில் அவர்களுடைய 213ஆம் எண் விதி. ஐரோப்பாவில் ஐ.நா.வின் ஆர் 129. ஒருவர் முத்திரை மற்றவருக்கு ஆகாது. ஏறும் ஊரில் அது உயிர்காக்கும் கருவி. இறங்கும் ஊரில் அது பிளாஸ்டிக். நியூட்டனின் விதிகளுக்கு விசா தேவைப்படவில்லை. குழந்தையின் சீட்டுக்குத்தான் தேவைப்படுகிறது.

இந்த ஓட்டையில்தான், நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார் வியாபாரம் கடை விரிக்கிறது. சீட்டுக்கு நாள் கணக்கில் காசு. பல இடங்களில் இரண்டு வார வாடகையில் புதுச் சீட்டே வாங்கிவிடலாம். பணம் வாங்கிய கவுன்ட்டரிலேயே பொருத்தித் தரச் சொல்லிப் பாருங்கள். கையை விரிப்பார்கள். தப்பாகப் பொருத்தினால் பொறுப்பு வந்துவிடுமாம். வாடகை அவர்களுக்கு, பொறுப்பு உங்களுக்கு.

விமானத்தில் கதை இன்னும் அசிங்கம். புறப்படும்போது சாய்வை நிமிர்த்து, மேசையை மடக்கு, லேப்டாப்பை உள்ளே வை. காபிக் குடுவைக்குக்கூடப் பூட்டு உண்டு. அமெரிக்க விமானத்தில் எதனாலும் கட்டப்படாமல் போக அனுமதி உள்ள சுமை, 2 வயதுக்குட்பட்ட குழந்தை. தாயின் பெல்ட்டோடு கோத்துக் கட்டும் சின்ன பெல்ட்டை ஐரோப்பா கட்டாயம் என்கிறது. விமானம் புறப்படும்போதும் தரையிறங்கும்போதும் அதைப் போடக் கூடாது என்கிறது அமெரிக்கா. ஒரு கண்டத்தின் பாதுகாப்பு இன்னொரு கண்டத்தின் ஆபத்து.

1989 ஜூலை 19. யுனைடெட் 232 விமானம் அமெரிக்காவின் சூ சிட்டியில் நொறுங்கியது. 112 பேர் இறந்தார்கள். மடிக்குழந்தைகளைத் தரையில் வைக்கும்படி பெற்றோரிடம் சொன்னவர் தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன். அன்றைய நடைமுறை அதுதான். அந்தக் குழந்தைகளில் ஒன்று இறந்தது. அதன்பின் ஒவ்வொரு குழந்தைக்கும் சீட் வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் போராடினார். அமெரிக்க விபத்து விசாரணை வாரியமும் கேட்டது. 2005இல் அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் சொன்ன பதில்: தனி டிக்கெட் கட்டாயமானால் குடும்பங்கள் காரில் போகும், சாலையில் அதிகம் பேர் சாவார்கள். டிக்கெட் விலையைக் குறைக்கச் சொல்லலாமே?

நாம் சிரிக்க வேண்டாம். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு பெல்ட்டோ சீட்டோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று நம் இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 முதல் 194பி பிரிவு இருக்கிறது. சன்ரூஃபில் தலையை நீட்டிக் கையசைக்கும் பிள்ளைகளுக்கு அது தெரியாது. கீழே ஸ்டியரிங் பிடித்திருக்கும் அப்பாவுக்கும் தெரியாது.

கேட்க வேண்டியது ஒன்றுதான். சவாரி விற்பவர் சீட் வைக்கட்டும். சீட் இல்லாத டாக்சிக்குப் பிள்ளையை ஏற்ற உரிமம் இல்லை என்று எழுதட்டும். அதுவரை, பதிவு செய்யும்போதே அந்த நாட்டு முத்திரையுள்ள சீட் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால் ரயில் ஏறுங்கள். சட்டம் அனுமதிக்கிறதே என்று மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த விலக்கை எழுதியவர்கள் டாக்சிக்காரரின் வரவு செலவைப் பார்த்தார்கள். உங்கள் பிள்ளையைப் பார்க்கவில்லை.