வடதுருவத்தில் துண்டு போட்டவர்கள்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவனுடைய சாமர்த்தியத்தை அளக்க அவன் படிப்பையோ தோட்டத்துக் கிணற்றின் ஆழத்தையோ விசாரிக்க வேண்டியதில்லை. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குள் சாயங்காலம் காங்கயம் வண்டி நுழையும்போது, அது நிற்பதற்குள் சன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிறானா என்று பார்த்தால் போதும். நான் பிடிப்பேன். அதுவும் சன்னலோர சீட்டு.

ஒரே ஒரு முறை தவறியது. பத்தாவது படிக்கையில் கையில் துண்டு இல்லாமல் புத்தகப் பையைப் போட்டேன். சீட்டுக் கிடைத்தது, ஆனால் அது டிப்போவுக்குப் போகிற வண்டி. பையோடு போய்விட்டது. மற்றப் புத்தகங்களை அடுத்த வாரம் பழைய புத்தகமாக வாங்கிவிட்டேன். பூகோளம் மட்டும் கிடைக்கவில்லை. அந்த வினை நாற்பத்து சொச்சம் வருடம் கழித்து, முப்பத்தாறாயிரம் அடி உயரத்தில் என்னைப் பிடித்தது.

2019 ஜூன் மாதம். மகள் சான் ஹோசேவில் இருக்கிறாள். கோவையிலிருந்து நடுச்சாமத்தில் காரில் கிளம்பி, வாளையார் தாண்டி, கொச்சியில் விமானம் ஏறி, துபாயில் மாறி, சான் பிரான்சிஸ்கோ. அமெரிக்கா மேற்கே இருப்பதால் மேற்கு முகமாகப் போவோம் என்று நினைத்திருந்தேன். மகள் போனில் சிரித்தாள். "இல்லீங்ப்பா, நேரா வடக்கால மேல போயி, அக்கட்டால எறங்குமுங்."

நம்பாமல், பக்கத்து வீட்டுப் பையனின் உலக உருண்டையை வாங்கி, திருப்பூர் நூல் ஒன்றை வைத்து அளந்தேன். மகள் சொன்னது சரி. துபாய் கிழக்கே 55 டிகிரி, சான் பிரான்சிஸ்கோ மேற்கே 122 டிகிரி. கூட்டினால் 177. 180 வந்தால் உருண்டையின் நேர் மறுபக்கம். இரண்டு ஊருக்கும் நூலை இறுக்கிப் பிடித்தால் அது தானாக உச்சந்தலைக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. 13,000 கிலோமீட்டர், பதினாறு மணி நேரம். இப்படிப் போவதும் புதுச் சங்கதி இல்லை. 1954-லேயே எஸ்.ஏ.எஸ். என்ற ஸ்காண்டிநேவிய நிறுவனம் கோபன்ஹேகனிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஆர்க்டிக் வழியாகப் பயணிகளைக் கொண்டுபோயிருக்கிறது. நான் போய் இரண்டு மாதத்தில், சுதந்திர தினத்தன்று, ஏர் இந்தியாவின் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானமும் துருவ வழியில் போனது. 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருவுக்கு அப்படி ஓட்டி வந்தார்கள். என் நூலை யாரும் பாராட்டவில்லை.

"உங்களுக்கு எந்த சீட்டுங்ப்பா போடறது?" என்றாள் மகள். விமானத்துக்கு இப்போதெல்லாம் துண்டைக் கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். சன்னலோரம், அது போதும் என்றேன். எந்தப் பக்கம் என்று அவளும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இடப்பக்கக் கடைசி சன்னல் எனக்கு, நடு சீட்டு வீட்டுக்காரிக்கு. மூன்றாவது சீட்டில் வந்து உட்கார்ந்தவர், பெல்ட்டைத் தேடும்போதே "ஏனுங், இது எப்படிங் மாட்டறது?" என்றார். உலகத்தின் எந்த விமானத்திலும் அந்த 'ங்'கை நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம். திருச்செங்கோட்டுக்காரர். போர் போடும் தொழில். இரண்டு ரிக் வண்டி ராஜஸ்தானில் ஓடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

ஈரான் பழுப்பாக, மொட்டை மலையாக வந்தது. காஸ்பியன் கடல் வந்தது. ரஷ்யா வந்து, மணிக்கணக்காகப் போகவேயில்லை. சாப்பாடு வந்தது, போனது, மறுபடி வந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை நூறு பேரும் ஒருவர் பின் ஒருவராக வடக்கே முகம் வைத்து, இருந்த இடத்தைவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம். கோப்பெருஞ்சோழன் செய்ததும் இதைத்தானே! அவன் சோறு தண்ணீர் இல்லாமல் வடக்கிருந்தான், நாங்கள் தட்டுத் தட்டாகச் சாப்பிட்டுக்கொண்டு வடக்கிருக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். போதாக்குறைக்கு அவன், "என் நண்பன் பிசிராந்தையார் வருவார், அவருக்கு இடம் வையுங்கள்" என்று சொன்னதாகப் புறநானூற்றில் இருக்கிறது. நண்பரும் வந்து சேர்ந்தார். தமிழில் ஆள் வருவதற்கு முன்னே இடம் பிடித்து வைத்த கணக்கில் எனக்குத் தெரிந்து அதுதான் ஆகப் பழையது. எங்கள் காங்கயம் வண்டிக்கு அந்தப் பரம்பரை.

நோவாயா செம்ல்யா என்ற ரஷ்யத் தீவுக்கூட்டத்தைத் தாண்டியதும் கடல் வெளுக்க ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து விமானப் பணிப்பெண் வந்து, மற்றவர்கள் தூங்குவதால் சன்னல் மறைப்பை இறக்கச் சொன்னார். வாஸ்தவமான பேச்சு. ஆனாலும் பதினோரு கிலோமீட்டர் மேலே ஏறி வந்து பிளாஸ்டிக் பலகையைப் பார்க்கவா வந்தேன்? அவர் நகர்ந்ததும் இரண்டு விரல் அகலம் திறந்துகொண்டேன். உள்ளே பாய்ந்த வெளிச்சம் நேராக வீட்டுக்காரியின் முகத்தில் போய் நின்றது. அவள் குரங்குக் குல்லாயை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு தூக்கத்தைத் தொடர்ந்தாள். துருவ வழியில் போகும் விமானத்தில் கடுங்குளிர் உடுப்பு குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே உண்டு. வழியில் எங்காவது பனிக்காட்டில் இறக்க நேர்ந்தால் சிப்பந்திகள் மாட்டிக்கொண்டு வெளியே இறங்கிப் பார்க்க. இவள் அதைப் படித்ததில்லை. கோவை டிசம்பருக்குக் கட்டிய மூட்டையை அப்படியே கொண்டுவந்திருந்தாள்.

கீழே என்ன தெரிந்தது? சொல்ல வெட்கமாக இருக்கிறது. கோடையில் எங்கள் ஊர்க் குளம் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்குமே, அதேதான். அதற்கு வெள்ளையடித்தது மாதிரி. வெடிப்பில் மட்டும் கறுப்பாகத் தண்ணீர். சில இடத்தில் பாளங்கள் ஒன்றோடொன்று மோதி வரப்புக் கட்டியிருந்தன. கொஞ்சம் தள்ளி, பனியன் கம்பெனிக்குப் பின்னால் வேஸ்ட் பஞ்சைக் கொட்டி வைத்த மாதிரி மேகம். பனியை நேரில் பார்த்தும் எனக்குப் பனியன்தான் ஞாபகம் வருகிறது. என்ன செய்ய?

சூரியன் இன்னொரு வேடிக்கை காட்டியது. துபாயில் காலையில் கிளம்பும்போது வலப்பக்கம் இருந்தது. மத்தியானம் வால் பக்கம் போனது. இப்போது என் சன்னலில், இடப்பக்கம் நின்றது. சான் பிரான்சிஸ்கோ நெருங்கும்போது மூக்குக்கு நேரே வந்துவிட்டது. ஒரு தடவைகூட மறையவில்லை. பதினாறு மணி நேரத்தில் விமானத்தை முறையாக முக்கால் வலம் வந்துவிட்டது. பழனியில் நாம் மலையைச் சுற்றுகிறோம். இங்கே சாமியே நம்மைச் சுற்றுகிறது.

வெளியே மைனஸ் ஐம்பதுக்குப் பக்கம் என்று திரை சொன்னது. இறக்கைக்குள் இருக்கிற எண்ணெய் உறைந்துவிடாதா என்று திருச்செங்கோட்டுக்காரர் கேட்டார். டீசல் வண்டிக்காரர், கவலை நியாயம். காங்கயத்துத் தேங்காயெண்ணெய் மார்கழியில் பாட்டிலோடு கட்டியாகிப்போவது போல, ஜெட் எண்ணெய்க்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு ரகம் மைனஸ் 40-ல் உறையும், இன்னொன்று மைனஸ் 47-ல். அதற்குப் பக்கத்தில் போனால் விமானி கீழே இறக்குவார், இல்லையென்றால் வேகத்தைக் கூட்டுவார். காற்று உரசும் சூட்டில் எண்ணெய் கொஞ்சம் தேறும். "நம்ம பாட்டல வெயில்ல வெக்கறாப்பலீங்" என்றார். அப்படித்தான்.

நிலப்படத்தில் 87 டிகிரி ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் துருவம். இந்த இடத்தின் பெருமையை இவருக்கு எடுத்துச் சொல்லாவிட்டால் பாவம் என்று ஆரம்பித்தேன்.

"இங்க மொதல்ல துண்டு போட்டது யாருன்னு பெரிய பஞ்சாயத்துங்க. 1909-ல பியரின்னு ஒருத்தர், நான்தான் மொதல்ல போனேன்னார். அதே மாசம் குக்குன்னு இன்னொருத்தர், நான் போன வருசமே போயிட்டேனேன்னார். ரண்டு பேர் கணக்கையும் இன்னிக்கு வரைக்கும் ஊர் முழுசா ஒத்துக்கலீங்க. அப்பறம் 1926-ல அமுண்ட்சென், எல்ஸ்வொர்த், நோபிலே மூணு பேர் நோர்கேன்னு ஒரு ஆகாயக் கப்பல்ல வந்து, சன்னல் வழியாவே அவங்கவங்க நாட்டுக் கொடியைப் போட்டாங்க."

"சன்னல் வழியாவா?"

"சன்னல் வழியாவேதானுங்க! அதுலயும் இத்தாலிக் கொடி மட்டும் பெருசுன்னு அமுண்ட்சென்னுக்குக் கோவம். ஆனா என்ன போட்டு என்னங்க, பனிப்பாளம் கடல் மேல நகந்துட்டே இருக்குது. துண்டு போட்ட சீட்டே எந்திரிச்சுப் போயிருது. ரஷ்யாக்காரன் அதைப் பார்த்துட்டு 2007-ல நீர்மூழ்கியில எறங்கி, 4,261 மீட்டர் ஆழத்துல கடல் தரையிலயே டைட்டானியத்துல கொடி நட்டுட்டு வந்தான்."

"மீட்டர்னா... பதினாலாயிரம் அடிங்க!" அவர் கண்ணில் ஒரு பக்தி தெரிந்தது. "அத்தன அடிக்கு ஏதுங் ராடு?"

இந்தச் சுவாரசியத்தில் திரையை மறந்துவிட்டோம். திரும்பிப் பார்த்தபோது 88-ஐத் தொட்டு, மறுபடி 87-க்கு இறங்கிக்கொண்டிருந்தது. திருச்செங்கோட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தார். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரோடு ஆயிரம் காட்டில் நடந்த அனுபவம் அவருக்கு.

"ஏனுங், பாயிண்ட்டு வலப்பக்கமுங். நாம இடப்பக்கமுல்ல உக்காந்திருக்கறோம்."

அவர் சொன்னது கல்லில் எழுத்து. அந்த 177 டிகிரிக்கும் 180-க்கும் நடுவில் இருந்த மூன்று டிகிரியை நான் கணக்கில் எடுக்கவில்லை. அந்த மூன்றினால்தான் விமானம் துருவத்துக்கு நேர் மேலே போகாமல், அதை வலப்பக்கம் சுமார் இருநூறு கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டு ஒதுங்கிப் போயிருக்கிறது. அந்த உயரத்தில் அடிவானம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தெரியும். வலப்பக்க சன்னல்காரர்கள் பார்த்திருக்கலாம். எட்டிப் பார்த்தேன். மறைப்பை ஒழுங்காக இறக்கிவிட்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அதே சமயம் வீட்டுக்காரி விழித்தாள். எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம் என்றாள். இனி எல்லாமே தெக்கால என்றேன். ஒரு நிமிடம் யோசித்தாள்.

"அப்ப பொறகால சாச்சு வெச்சிருக்கற தலை?"

வடக்கே. இதுவரை வடக்கு நோக்கிப் போனதால் சாய்ந்த தலை தெற்கில் இருந்தது. யாரும் ஒரு அங்குலம் அசையாமலே, விமானத்தில் உள்ள அத்தனை தலையும் வடக்கே திரும்பிவிட்டது. அவள் நாற்காலியை நிமிர்த்தினாள். என்னுடையதையும் நிமிர்த்தினாள். திருச்செங்கோட்டுக்காரர் யாரும் சொல்லாமலே நிமிர்த்திக்கொண்டார். மீதி ஏழு மணி நேரமும் மூன்று பேரும் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் ஏற்றாத குறையாக விறைப்பாக உட்கார்ந்து வந்தோம்.

பிறகு கனடா. தரை எது தண்ணீர் எது என்று பிரிக்க முடியாதபடி குளம், குளம், குளம். எங்கள் ஊரில் அத்திக்கடவு–அவினாசித் திட்டத்துக்கு அந்த வருடம்தான் அடிக்கல் நாட்டியிருந்தார்கள், அறுபது வருடம் கேட்டுக் கேட்டு, 1,045 குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவர. இங்கே கேட்பாரில்லாமல் கிடக்கிறது. "இத்தனைக்கும் ஆருங் தூர் வாருவாங்க?" என்றாள் வீட்டுக்காரி.

திருச்செங்கோட்டுக்காரர் அதைக் கவனிக்கவில்லை. அவர் இன்னும் துருவத்திலேயே இருந்தார். "அந்தப் பனி எத்தன கனமுங் இருக்கும்?" என்று கேட்டார். ரெண்டு மூணு மீட்டர், ஏழடியிலிருந்து பத்தடிக்குள் என்றேன்.

"அதுக்குக் கீழ?"

"பூராவும் தண்ணிதானுங்க."

வெகுநேரம் பேசவில்லை. "நம்மூர்ல ஆயரத்து எறநூறு அடி போட்டும் புழுதிதான் பறக்குது," என்றார் கடைசியில். "இங்க பத்தடியில தண்ணி. ஒரு காக்கா குருவி இல்ல."

"உப்புத் தண்ணிங்க."

அவர் முகம் தெளிந்தது. இனிமேல் வருத்தமில்லை என்பதுபோலக் கண்ணை மூடினார், நிமிர்ந்தபடியே.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பும்போது நான் ஏமாறத் தயாராக இல்லை. அதே வழி, அதே துருவம். மகளை அருகில் உட்கார வைத்துக்கொண்டு, வலப்பக்கம், கடைசி சன்னல், விட்டுவிடாதே என்று கறாராகச் சொல்லி சீட்டு வாங்கினேன். மறைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரிடமும் வாய் திறக்காமல், 85, 86, 87 என்று எண்ணிக்கொண்டு வெள்ளைக் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எதிர்ப்பக்கச் சன்னலைப் பார்த்தாள்.

"ஏனுங், கோயமுத்தூர் போறப்ப பொங்கலூர் காத்தாடி எந்தப் பக்கமுங் வரும்?"

"வலப்பக்கம்."

"காங்கயம் திரும்பி வாரப்ப?"