ஒத்திவைத்தலும் ஒத்திவைத்தல் நிமித்தமும்

அமேசான் வெப் சர்வீசஸ் நடத்தும் தொடக்கநிலைத் தேர்வாகிய ‘கிளவுட் பிராக்டிஷனர்’ எப்படி எழுதப்பட வேண்டும் என்று விளக்கும் நூல்களும் காணொளிகளும் மலிந்து கிடக்கின்றன. அது எப்படி எழுதப்படாமல் இருக்கிறது என்பதை ஆராய்ந்தார் இலர். இக்கட்டுரை அக்குறையைத் தீர்க்க எழுந்தது. ஆய்வுக்களம், பழைய மகாபலிபுரம் சாலையின் இருமருங்கிலும் உள்ள பி.ஜி. விடுதிகளும், ஹாலில் ஒரு மூலையை அலுவலகமாக்கிக்கொண்ட இல்லங்களும். தரவு, கண்டதும் கேட்டதும். அட்டவணைகள் வாசகர் நலன் கருதித் தவிர்க்கப்பட்டன.

முதற்கண் திணை துணிதல் வேண்டும். மூளை வறண்டு கிடத்தலின் பாலை என்பர் ஒரு சாரார். பாலைக்கு உரிப்பொருள் பிரிதல். இங்கே எவரும் எதையும் பிரிவதில்லை, கைப்பேசியைக்கூட. நெய்தல் என்பர் மற்றொரு சாரார், இரங்கல் உண்மையின். அவ்விரங்கல் முடிவு வந்தபின் நிகழ்வது. நாம் ஆராய்வதோ அதற்கு முந்தைய நிலை. ஆதலின் முல்லையே பொருந்தும். முல்லைத் தலைவி தலைவன் வரவுக்காக ஆற்றியிருப்பாள். நம் தேர்வர் அடுத்த சனிக்கிழமைக்காக ஆற்றியிருக்கிறார். கார்காலம் வேண்டுமே எனின், மேகம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. சிறுபொழுது மட்டும் மாலையன்று, யாமம்; ரீல்ஸ் பார்த்துக் கண் எரிந்தபின் 11 மணிக்கு மேற்பட்டது. யாமம் குறிஞ்சிக்கன்றோ உரியது எனின், நிலம்தான் மயங்கக் கூடாது, பொழுது மயங்கலாம் என்று தொல்காப்பியரே வழி விட்டிருக்கிறார்.

இனி உரிப்பொருள். இருத்தல் என்று பொதுவாகச் சொல்லப்பட்டது இத்திணையில் ஒத்திவைத்தல் என்று சிறப்பாகக் கொள்ளப்படும். இது சோம்பலன்று, விதி அனுமதித்த உரிமை. தேர்வு நேரத்துக்கு 24 மணி நேரம் முன்பு வரை நாளை மாற்றிக்கொள்ளலாம். ஒரு பதிவை இரண்டு முறை மாற்றலாம். மூன்றாவதாக மனம் மாறினால் ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் பதிய வேண்டும். தேர்வுக் கட்டணம் 100 டாலர். இவ்வளவு தாராளமான விதியை வகுத்தவர் தேர்வரின் உள்ளத்தை நன்கு அறிந்தவராகவே இருத்தல் வேண்டும்.

ஒத்திவைத்தல் நிமித்தமாவன பல. பாடத்தொடர் தேர்ந்தெடுத்தல் தலையாயது. நான்கு தொடர்களின் முதல் அத்தியாயத்தைப் பார்த்து, எது சிறந்தது என்று நண்பர்களிடம் விவாதித்து, ஒன்றை வாங்கி, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுச் சாப்பிடுவது மரபு. இலவசக் கணக்கு தொடங்கச் சென்று, கார்டு எண் கேட்டதும் திரும்பி வருவதும் நிமித்தமே. மாதிரித் தேர்வு எழுதுதல் நுட்பமான வகை. எண்பது விழுக்காடு வந்தால் பதிவு செய்வேன் என்பார். எண்பத்திரண்டு வரும். “அதே கேள்வி திரும்பத் திரும்ப வருது, அதான் மார்க் வருது” என்று வேறொரு மாதிரித் தேர்வைத் தேடுவார். தோல்வியால் ஒத்திவைப்பது எல்லார்க்கும் கைவரும். வெற்றியைக் காரணம் காட்டி ஒத்திவைக்க இவரால்தான் இயலும்.

இதன் விளைவு யாதோ எனின், பாடமே காலாவதியாதல். 2023 செப்டம்பர் 19 முதல் சி.எல்.எஃப்-சி01 என்ற பழைய வடிவம் போய் சி02 வந்தது. பழையதற்குக் குறிப்பெடுத்து, வண்ணப் பேனாவால் கோடிட்டு, அடுத்த மாதம் எழுதலாம் என்றிருந்தவர் கதி இரங்கத்தக்கது. அக்குறிப்புகளில் ஸ்னோமொபைல் என்றொரு வாகனம் வரும். 45 அடி நீளக் கண்டெய்னரை லாரி இழுத்துவர, அதில் 100 பெட்டாபைட் வரை தரவை ஏற்றி அமேசானின் தரவு மையத்துக்குக் கொண்டு சேர்ப்பது. 2016-இல் வந்த அந்த லாரி 2024-இல் சேவையிலிருந்து விடைபெற்றது. இன்னும் அதன் கொள்ளளவை மனப்பாடமாகச் சொல்பவர் உளர். இல்லாத லாரியை இவ்வளவு நேசித்தவர் உலக இலக்கியத்தில் அரியர்.

பாடத்தின் உட்பொருளைச் சுருங்கக் காண்போம்; தேர்வரும் அவ்வாறே காண்கிறார். தொழில்நுட்பமும் சேவைகளும் 34 விழுக்காடு, பாதுகாப்பு 30, அடிப்படைக் கருத்துகள் 24, விலையும் பில்லும் 12. மாதக் கடைசியில் பில்லைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் மேலாளர்கள் இந்த 12-ஐ ஏற்கமாட்டார்கள். இடர் மிகுந்த பகுதி பெயர்களே. யார் எப்போது என்ன செய்தார் என்று பதிவது கிளவுட்டிரெயில். இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று கவனிப்பது கிளவுட்வாட்ச். அமைப்பு எப்படி மாறிவந்தது என்று குறித்துவைப்பது கான்ஃபிக். பகலில் மூன்றும் மூன்றாகத் தெரியும், யாமத்தில் ஒன்றாகிவிடும். இன்ஸ்பெக்டர், டிடெக்டிவ், கார்ட்டியூட்டி என்று ஒரு காவல் நிலையமே தனியாக உண்டு.

கேள்விகள் 65, நேரம் 90 நிமிடம். அவற்றுள் 15 கேள்விகளுக்கு மதிப்பெண் இல்லை. எந்தப் பதினைந்து என்பது சொல்லப்படாது. பலன் கருதாது கடமையைச் செய்க என்ற உபதேசத்தை இவ்வளவு துல்லியமாக நடைமுறைப்படுத்திய நிறுவனம் பிறிதில்லை. தேர்வர் இதற்கு எழுதிய உரை வேறு: தமக்குத் தெரியாதவை யாவும் அப்பதினைந்தில் அடங்கும் என்பது. மதிப்பெண் 100-இல் தொடங்கி 1000-இல் முடியும், 700 வந்தால் தேர்ச்சி. பூச்சியத்துக்கு இடமில்லாத இவ்வளவைமுறை, 1200-க்கு எத்தனை என்று கேட்கப்பட்டே வளர்ந்த தலைமுறைக்குப் பெரும் ஆறுதல். ஆங்கிலம் தாய்மொழியல்லாதார் முன்கூட்டியே கேட்டால், ஆங்கிலத் தேர்வுக்குக் கூடுதலாக 30 நிமிடம் கிடைக்கும். கேட்க விடாமல் தடுப்பது எல்.கே.ஜி. முதல் இங்கிலீஷ் மீடியம் என்னும் மானம்.

வீட்டிலிருந்து எழுதுவோர் நிலை தனி ஆய்வுக்குரியது. மேசையைத் துடைத்து, அறையைப் படமெடுத்து அனுப்பி, கைப்பேசியை எட்டாத தூரத்தில் வைத்து, கேமரா முன் அமர வேண்டும். கேள்வியை வாய்விட்டுப் படிக்கக் கூடாது. இது உரக்கப் படித்தே வளர்ந்த இனத்துக்கு இழைக்கப்பட்ட கொடுமை. எவரும் உள்ளே வரக் கூடாது. கருப்பொருள் வகையில், பறை குக்கர் விசில் எனவும், தெய்வம் திரைக்கு அப்பால் இருந்து பார்க்கும் கண்காணிப்பாளர் எனவும் கொள்க. பகிர்ந்த பொறுப்பு மாதிரி என்ற பாடம் இங்கேதான் விளங்குகிறது. கட்டடம், பூட்டு, வன்பொருள் அமேசானின் பொறுப்பு. உள்ளே வைத்த தரவும், யாருக்கு என்ன அனுமதி என்பதும் வாடிக்கையாளர் பொறுப்பு. அதுபோல் மின்சாரம் வாரியத்தின் பொறுப்பு, குக்கர் அம்மாவின் பொறுப்பு, தாழ்ப்பாள் தேர்வரின் பொறுப்பு. பக்கத்து ஃபிளாட்டில் சுவரைத் துளைப்பவர் எப்பக்கம் என்பது மாதிரியில் சொல்லப்படவில்லை.

“என்னடா, அந்த மேகப் பரீட்சை இந்த வாரமா?” என்று அம்மா கேட்பது வழக்கு. “இல்லம்மா, வீட்ல பெயின்ட் அடிக்கிறாங்கல்ல, அடுத்த மாசம்” என்பது மறுமொழி.

தேர்வை ஒருவர் எழுதித் தேறிவிட்டால் இத்திணை முடியுமோ எனின், முடியாது. சான்றிதழ் 3 ஆண்டுகள் செல்லும். தேறியவர்க்கு அடுத்த தேர்வின் கட்டணத்தில் பாதி தள்ளுபடி தருகிறார்கள். சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட்டுக்கு 150 டாலர். தள்ளுபடி போக 75. விட்டுவிட மனம் வராத தொகை. பொங்கலுக்கு ஊருக்குப் போய்வந்தபின் நிதானமாக உட்கார்ந்து படிக்கலாம் என்பது இதுபற்றிய பெரும்பான்மைக் கருத்து.